கரையேறியபின் கொடுத்த விலை

சில ஆண்டுகளுக்கு முன், மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில், திண்டிவனத்தை அடுத்த எங்கள் பங்கு இல்லத்திற்கு ஒரு கணவனும் மனைவியும் வந்தனர். இருவரும் அறுபதை நெருங்கியவர்கள்; தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தவர்கள். நிறமும் முகச்சாயலும் நம்மவர்களே. நாவில் மட்டும் தமிழ் இல்லை. அம்மையார் தம் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். அது ஒரு கப்பல் பதிவேட்டின் நகல். அவருடைய பாட்டனாரின் தந்தையைப் பற்றி உலகில் எஞ்சியிருக்கும் ஒரே எழுத்துச் சான்று அந்த ஒற்றை வரிதான்.

வரிசை எண், பெயர், தந்தை பெயர், வயது, உயரம், உடலில் உள்ள தழும்பு எனக் கட்டம் கட்டமாக எழுதியிருந்தார்கள். சாதிக்குரிய கட்டத்தில் 'கிறிஸ்தவர்' என்றிருந்தது. மாவட்டம் தென்னார்க்காடு, தாலுகா திண்டிவனம். ஊர்ப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்தான் சிக்கல். யாரோ ஓர் எழுத்தர், தம் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் கிறுக்கிவைத்திருந்தார். அதைப் பாக்கம் என்றும் படிக்கலாம், பட்டு என்றும் படிக்கலாம். "ஃபாதர், உங்கள் திருமுழுக்குப் பதிவேட்டில் இந்தப் பெயர் இருக்குமா?" என்று அம்மையார் கேட்டார். பழைய ஏடுகளைப் புரட்டினோம். கரையான் விட்டுவைத்த பக்கங்களில் அப்பெயர் கிடைக்கவில்லை.

அன்று இரவு அவர்கள் போனபின் ஒரு கேள்வி என்னை உறங்கவிடவில்லை. கடல் கடந்து போனவர்கள் பட்ட பாட்டைப் பேசும்போது, நாம் பெரும்பாலும் கப்பலைப் பற்றியே பேசுகிறோம். கப்பல் பயணத்திற்கு அவர்கள் கையிலிருந்து காசு கொடுக்கவில்லை. அப்படியானால் அவர்கள் எதற்கு விலை கொடுத்தார்கள்? எவ்வளவு கொடுத்தார்கள்? வரலாற்று நூல்களில் கிடைக்கும் எண்களைக் கொண்டே இதற்கு விடை தேடலாம்.

புறப்பட்ட கதை

விழுப்புரமும் திண்டிவனமும் அன்று தென்னார்க்காட்டைச் சேர்ந்த தாலுகாக்கள். ஏரி நிரம்பினால் நெல். இல்லையேல் மானாவாரியில் கம்பும் கேழ்வரகும் வரகும். பின்னாளில் மணிலாக்கொட்டை வந்தது. நிலமில்லாதவர் படியாளாய் இருந்தார். நெல்லை அளந்து கூலி பெற்றார். கலியாணத்திற்கோ கருமாதிக்கோ வாங்கிய கடனுக்காகத் தலைமுறையாய் ஒரே வாசலில் உழைத்தார். இத்தகையோர் வெளியேற மூன்று துறைகள் இருந்தன. வடக்கே சென்னை, தெற்கே நாகப்பட்டினம், பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி. புதுச்சேரி, காரைக்கால் வழியாகச் சென்றவர்கள் ரீயூனியன் தீவுக்கும், 1853 முதல் மார்த்தினிக்குக்கும், அதற்கடுத்த ஆண்டு முதல் குவாதலூப்புக்கும் போய்ச் சேர்ந்தனர். சென்னையிலிருந்து மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும், 1903 முதல் பிஜித் தீவுக்கும் கப்பல்கள் சென்றன. 1870-களின் பிற்பகுதியில் தண்டவாளம் திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் தொட்டபோது, ஆள்பிடிப்போருக்கு வேலை எளிதாயிற்று. 1876-78-இல் மாகாணத்தை உலுக்கிய பஞ்சம் அதை மேலும் எளிதாக்கியது.

வந்தவர்களின் முன்னோர் சென்ற நேட்டாலையே இங்கு எடுத்துக்கொள்வோம். 1860-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையை விட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல், 342 பேருடன் நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் கரையை அடைந்தது. அதிலேயே கிறிஸ்தவர்களும் இருந்தனர். அன்று தொடங்கி 1911-இல் நிறுத்தப்படும்வரை, ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,000-க்கும் மேற்பட்டோர். அவர்களில் மூவரில் இருவர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள்.

பத்து ஷில்லிங்கின் கணக்கு

ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கானது. முதலாண்டு மாதக் கூலி 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏறி, ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங் ஆகும். பெண்களுக்குப் பாதி. 1860-இல் 10 ஷில்லிங் என்பது நம் பணத்தில் 5 ரூபாய். கூலியோடு அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய் அல்லது நெய், உப்புக்கருவாடு ஆகியவை படியாக அளக்கப்படும். தங்க இடமும் மருத்துவமும் உண்டு. காசையே காணாத படியாளுக்கு இது பெரும்பேறாய்த் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் கூலி கைக்கு வருமுன் அதைக் கடிக்கும் வாய்கள் பல இருந்தன. மொரீசியசில் 'இரட்டை வெட்டு' என்றொரு முறை இருந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிக்கப்படும். காய்ச்சலில் கிடந்தாலும் கணக்கு அதுவே. நேட்டாலிலும் கூலிப் பிடித்தம் ஓயாத குறையாயிருந்தது. 1871-இல் ஒப்பந்தம் முடித்துச் சென்னையில் வந்திறங்கிய முதல் கூட்டத்தார், பிடித்தங்களையும் அடி உதைகளையும் அதிகாரிகளிடம் முறையிட்டனர். 1866 முதல் நின்றுபோயிருந்த குடியேற்றத்தை மீண்டும் தொடங்க நேட்டால் விரும்பியதால், 1872-இல் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. அதையடுத்து இந்தியக் குடியேறியோருக்கென ஒரு 'பாதுகாவலர்' அமர்த்தப்பட்டார். ஆயினும், முதலாளியின் எழுத்து அனுமதியின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறினால் கைதாக வேண்டியதே. முதலாளிமேல் முறையிடப் போகிறவனும் அந்த முதலாளியிடமே சீட்டுப் பெறவேண்டும் என்றால், அந்தப் பாதுகாப்பு எத்தகையது என்பதை வாசகரே உணர்வர்.

1894-இல் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளர், முதலாளியால் அடிபட்டு வாயில் குருதி வழிய, தலைப்பாகையைக் கையில் ஏந்தியவராய், டர்பனில் காந்தியடிகளிடம் வந்து நின்றார். வெள்ளையர்முன் தலைப்பாகையைக் கழற்றுவது அங்கே வழக்கமாக்கப்பட்டிருந்தது. இந்தியர் ஒருவர்முன்னும் அவர் அப்படியே நின்றதைக் கண்டு மனம் வருந்தியதை அடிகள் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். அன்றாடம் கொடுத்த விலைகளில் இப்படிக் காசாக எண்ணமுடியாதவையும் உண்டு.

கூழும் பெயரும்

அரிசி தட்டுப்பட்டபோது மக்காச்சோள மாவு வந்தது. ஆடி மாதத்தில் நம் பக்கத்து ஊர்களில் அம்மனுக்குக் கேழ்வரகுக் கூழ் வார்ப்பார்கள். டர்பன் பகுதித் தமிழர் இன்றும் கூழ் வார்க்கிறார்கள். ஆனால் மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சுகிறார்கள். தானியம் மாறியும் வழக்கம் நிலைத்தது. பிறந்த மண்ணில் விளைந்தது கிடைக்காதபோது, கிடைத்ததைக் கொண்டு பழையதைச் செய்வது குடியேறியவர் எல்லாரும் கற்கும் முதல் பாடம்.

பெயரும் அவ்வாறே மாறியது. நம் வழக்கில் தந்தை பெயரை முன்னெழுத்தாகக் கொள்வோம். குடும்பப் பெயர் இல்லை. அங்கே ஒரு குடும்பப் பெயர் கேட்டார்கள். சாதிப் பட்டமே குடும்பப் பெயராகப் பதிவாயிற்று. கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். பிள்ளையும் நாயுடுவும் அப்படியே நின்றார்கள். படையாச்சி என்ற பட்டம் டர்பன் நகரத் தெருக்களில் இன்றும் வழங்குவதைக் கேட்டால், விழுப்புரத்தார் எவரும் ஒருகணம் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். கிறிஸ்தவர்களோ தம் திருமுழுக்குப் பெயரையே குடும்பப் பெயராய்க் கொண்டனர். ஒரு தந்தையின் பெயர் நான்கு தலைமுறைக்குப் பட்டமாயிற்று. பேரன் பேத்திகள் எவருடைய மக்கள் என்பது மட்டும் ஏட்டில் எழுதப்படாமல் போயிற்று.

ஞாயிறு தோறும் இவர்களைத் தேடிச் சென்றவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டு அமலமரி தியாகிகள் சபைக் குரு ழான் பாப்டிஸ்ட் சபோன். டர்பனில் பணியாற்றிய அவர், சென்னையிலிருந்து வந்த கத்தோலிக்கருக்காகத் தமிழ் கற்றார்; அவர்களின் குழந்தைகளுக்குப் பள்ளியும் தொடங்கினார். வந்தவனே இங்குள்ளோரின் மொழியைக் கற்கவேண்டும் என்று எல்லாரும் எண்ணிய காலத்தில், வந்தவனின் மொழியைக் கற்க ஒருவர் முன்வந்தார் என்பது சிறிய செய்தியன்று.

தங்குவதற்கு ஒரு வரி

ஐந்தாண்டு முடிந்தபின் என்ன செய்வது? சிலர் திரும்பினர். பலர் தங்கினர். திரும்பும் பயணத்திற்கு ஈடாக நிலம் தரப்படும் என்ற வாக்குறுதி, வெகு சிலருக்கே நிறைவேறி, 1891-இல் சட்டத்திலிருந்தே நீக்கப்பட்டது. தங்கியவர்கள் குத்தகைக்கு நிலம் பிடித்துக் காய்கறி பயிரிட்டார்கள்; காவடித்தண்டில் கூடைகளைத் தொங்கவிட்டு வீடு வீடாக விற்றார்கள். சிலர் டர்பன் விரிகுடாவில் சாலிஸ்பரித் தீவில் குடிசை போட்டு மீன் பிடித்தார்கள். வெள்ளையர் உண்ட கீரையும் மீனும் இவர்கள் கைப்பட்டே வந்தன. அப்போதுதான், "கூலியாக வந்தவன் கூலியாகவே இருக்கட்டும், இல்லையேல் திரும்பட்டும்" என்ற எண்ணம் சட்டமாயிற்று.

ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமலும், மீண்டும் ஒப்பந்தத்தில் சேராமலும் இருப்பவர் ஆண்டுக்கு 25 பவுன் வரி கட்டவேண்டும் என நேட்டால் அரசு முதலில் விரும்பியது. இந்தியாவின் வைசிராய் எல்ஜின் பிரபு அத்தொகையை ஏற்காமல் 3 பவுனுக்கு இசைந்தார். 1895-இல் அது சட்டமாயிற்று. 1903-இல் 16 வயதுச் சிறுவர்மீதும் 13 வயதுச் சிறுமியர்மீதும் விரிக்கப்பட்டது.

மூன்று பவுன் என்பது 60 ஷில்லிங். மாதம் 14 ஷில்லிங் ஈட்டுபவனுக்கு அது நான்கு மாதக் கூலிக்கும் மேல். மனைவியும், வயது வந்த ஒரு மகனும் ஒரு மகளும் இருந்தால் 12 பவுன்; அதாவது 240 ஷில்லிங். அந்தக் குடும்பத் தலைவனின் ஆண்டு முழுமைக்குமான கூலியோ 168 ஷில்லிங்தான். வீட்டில் எல்லாரும் உழைத்தாலும், உண்ணுமுன் கட்டவேண்டிய தொகை இது. இது நிலவரியன்று, விற்பனை வரியன்று, அந்த மண்ணில் தங்கியிருப்பதற்கான வரி. கட்ட இயலாதவர் சிறைக்கு அஞ்சி மறுபடியும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தனர். வரி எதற்காக இயற்றப்பட்டதோ, அதுவே நடந்தது.

இதற்குமேல் 1913 மார்ச்சில் கேப் நகர நீதிபதி சேர்ல் வழங்கிய தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவான திருமணமே செல்லும் என்றது. இந்து, இசுலாமியப் பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின்முன் மனைவியர் அல்லாதவர் ஆயினர். கிறிஸ்தவத் தமிழர்களை இத்தீர்ப்பு தொடவில்லை. அவர்கள் தம் சான்றிதழை மடித்து வைத்துக்கொண்டு வாளாவிருந்திருக்கலாம். ஆனால் நியூகாசில் நகரில், இரண்டு மூன்று அறைகளே கொண்ட தம் சிறிய வீட்டை, டி. எம். லாசரஸ் என்ற கிறிஸ்தவ இந்தியரும் அவர் குடும்பத்தாரும் போராட்டக்காரர்களுக்குத் திறந்துவிட்டனர். டிரான்சுவாலிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் அங்கே தங்கினர். நிலக்கரிச் சுரங்கத்தை விட்டு வெளியேறிய தொழிலாளர் அவ்வீட்டு வாசலில் திரண்டனர். தங்களுக்கு இழப்பில்லாத ஒரு வழக்கில் இழப்பை விரும்பி ஏற்ற அந்தக் குடும்பத்தை நம் மறைக்கல்வி வகுப்புகளில் சொல்லித்தர வேண்டுமென்பது என் விருப்பம்.

1913 நவம்பர் 6-ஆம் நாள் காந்தியடிகளோடு எல்லை கடக்கப் புறப்பட்டவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். சிறை சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-இல் இறந்தார், பதினாறே வயது. அவ்வாண்டே இந்தியர் நிவாரணச் சட்டத்தால் மூன்று பவுன் வரி ஒழிந்தது, பாக்கிகளும் தள்ளுபடியாயின. இந்தியத் திருமணங்கள் ஏற்கப்பட்டன.

திரும்பியவர்களும் தங்கியவர்களும்

வரி ஒழிந்தது, "திரும்பிப் போ" என்ற குரல் ஒழியவில்லை. 1927-இல் ஏற்பட்ட கேப்டவுன் உடன்பாட்டின்படி, இந்தியாவுக்குத் திரும்ப இசைவோருக்குப் பயணச் செலவும், வயது வந்தவர் ஒவ்வொருவருக்கும் 20 பவுனும் தர ஏற்பாடாயிற்று. அதை நம்பி வந்தவர்களில் பலர் சென்னையில் திகைத்து நின்றனர். ஊரில் நிலம் இல்லை; உறவு இல்லை; கடல் கடந்தவரையும் கலந்து மணந்தவரையும் சாதியார் ஏற்கவில்லை. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இந்த வெயிலும் இந்த வேலையும் புதியவை. முதலில் போன நாட்டில் கொடுத்த விலையை, சொந்த நாட்டிலும் முதலிலிருந்து கொடுக்க வேண்டியவரானார்கள். இந்த இரண்டாம் விலையை வசூலித்தவர்கள் வெள்ளையர் அல்லர், நாமே.

தங்கியவர்கள் நாட்டில் நிலைபெற்ற மக்கள் என்று தென்னாப்பிரிக்க அரசு முறைப்படி ஒப்புக்கொண்டது 1961-இல். ட்ரூரோ கரைசேர்ந்து அப்போது 101 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் 1950-ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்து, கேட்டோ மேனர் போன்ற பகுதிகளில் அவர்கள் கட்டிய வீடுகளையும் வளர்த்த தோட்டங்களையும் விட்டுப் புதிய குடியிருப்புகளுக்குப் பெயரச் செய்தது. என்னைத் தேடி வந்த அம்மையாரும் சிறுமியாயிருந்தபோது அவ்வாறு சாட்ஸ்வர்த்துக்கு மாற்றப்பட்டவர்தான். "வீட்டைவிட என் அம்மாவுக்கு அந்த முருங்கைமரம்தான் பெரிய இழப்பு" என்றார் அவர்.

நம் வாசலில்

இவ்வளவையும் நேட்டாலின் கொடுமை என்று எழுதி முடித்துவிட்டால் நமக்கு வசதியாக இருக்கும். ஆனால், ஆள் அனுப்பிய இதே மாவட்டம் இப்போது ஆள் ஏற்கும் மாவட்டமாகவும் இருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஈழத்திலிருந்து அலை அலையாக வந்தவர்களில் ஒரு பகுதியினர், மரக்காணத்திலிருந்து புதுச்சேரி செல்லும் கடற்கரைச் சாலையை ஒட்டிய கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் வாழ்கிறார்கள். தமிழக அரசு அரிசியும் உதவித்தொகையும் பள்ளிக்கல்வியும் தந்து வருகிறது. 2021-இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. குடும்பத் தலைவருக்கான மாத உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தப்பட்டது. புதிய வீடுகளுக்கும் திட்டம் வந்தது. நேட்டாலின் தோட்டத்தையும் இதையும் ஒன்றென்று சொல்வது நேர்மையாகாது.

ஆயினும் சில்லறை விலைகள் இங்கும் உண்டு. கணக்கெடுப்பு நாளில் முகாமில் நேரில் நிற்கவேண்டும். அன்று வெளியூரில் வண்ணம் பூசும் வேலையிருந்தால் கூலி போகும். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்துப் பட்டம் பெற்ற பிள்ளையும் குடியுரிமை இல்லாத காரணத்தால் அரசுப் பணிக்கு மனுப்போட இயலாது.

இதில் என் பங்கும் ஒன்றுண்டு. முகாமைச் சேர்ந்த ஒரு தாய் தம் மகளின் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வந்தார். நான் பெயரை நம் ஊர் உச்சரிப்பில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். முகாம் அட்டையில் அது வேறுவிதமாக இருந்திருக்கிறது. ஓர் எழுத்தின் வேறுபாட்டிற்காக அவர் மூன்று முறை நடையாய் நடந்தார்; மூன்று நாள் கூலியை இழந்தார். மூன்றாம் முறை வந்தபோதும் அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "பரவாயில்லை சாமி, எங்களுக்கு இது பழக்கம்தான்" என்றார். கப்பல் பதிவேட்டில் கிறுக்கிய அந்த எழுத்தரை நான் எத்தனை முறை மனத்துள் கடிந்திருப்பேன்! அவருக்கும் எனக்கும் உள்ள தொலைவு நான் எண்ணியதைவிடக் குறைவு என்பதை அன்று அறிந்தேன்.

அந்நியரை ஏற்றுக்கொள் என்ற கட்டளையைப் பெரிய செயல்களுக்கானதாகவே நாம் கருதுகிறோம். வந்தவனிடம் நாள்தோறும் வசூலிக்கப்படும் சிறு விலைகளில், நம் கையால் வசூலாகும் ஒன்றையேனும் நிறுத்துவதும் அக்கட்டளையில் அடங்கும். காத்திருக்க வைக்கும் ஒரு நாள், தவறாக எழுதும் ஒரு பெயர், கூட்டிச் சொல்லும் ஒரு வாடகை ஆகியவை நம் கையில் இருப்பவை. இப்போதெல்லாம் எவர் சான்றிதழ் கேட்டு வந்தாலும், அவர் கையிலுள்ள அட்டையை முதலில் வாங்கிப் பார்த்து, எழுத்து எழுத்தாகப் படித்துக்காட்டிய பிறகே கையொப்பமிடுகிறேன்.

டர்பன் தம்பதியர் மறுநாளும் வந்தார்கள். அந்தக் கிறுக்கலுக்குப் பொருந்தக்கூடிய ஊர்கள் இந்தத் தாலுகாவில் மூன்று என்று கண்டேன். ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். ஏரிக்கரையோரத்து வீட்டில் ஒரு மூதாட்டி, வந்தவர் யாரென்று கேளாமலே, சொம்பில் கேழ்வரகுக் கூழும் வெங்காயமும் தந்தார். அம்மையார் ஒரு வாய் குடித்துவிட்டு, "எங்கள் ஊரில் இதை மக்காச்சோளத்தில் செய்வோம், புளிப்பு மட்டும் இதேதான்" என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும், மூதாட்டி மீண்டும் சொம்பை நிரப்பினார்.

புறப்படும்போது, மூன்று ஊர்களின் பெயரையும் தமிழில் எழுதித் தரும்படி கேட்டார். கப்பல் பதிவேட்டு நகலின் பின்புறத்தில், ஒவ்வொரு பெயரையும் எழுத்துக்கூட்டிச் சொல்லிச் சொல்லி, பிழையில்லாமல் எழுதிக்கொடுத்தேன்.